கையெழுத்தும் கைநாட்டும்

வயதுவந்தோர் கல்வியில் முதுகலைப் பட்டம் படிக்கச் சேர்ந்திருக்கிறோம் என்று 2022-இல் ஊரில் சொன்னபோது, எங்களைப் பாராட்டியவர்களைக் காட்டிலும் சிரித்தவர்களே அதிகம். முதியோர் கல்வி என்றுதான் எங்கள் பக்கத்தில் இன்னும் பெயர். "முதியோர் கல்வியில முதுகலையா? படிச்சு முடிக்கதுக்குள்ள நீங்களும் முதியோர் ஆயிருவிய" என்றார் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர். நாங்கள் மூவர். ஒருவர் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மூன்றாமவர் பள்ளிப் பருவத்தில் அக்காவோடு அறிவொளி வகுப்புகளுக்கு அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போனவர். மூவருக்கும் நாற்பது கடந்துவிட்டது. பெரியவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

எழுத்தறிவைக் கற்பிப்பதற்கு ஒரு முதுகலைப் பட்டம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். எங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அ, ஆ சொல்லித்தரத் தெரிந்தால் போதாதா? தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இதற்கெனத் துறைகள் உண்டு. முன்பு 'வயதுவந்தோர் கல்வி' என்று வழங்கிய இத்தகைய துறைகளில் பல, பிற்காலத்தில் 'வாழ்நாள் கற்றல்' என்று பெயர் மாற்றிக்கொண்டன. வேலையை விட்டுவிட்டு அங்கெல்லாம் போக இயலாத நாங்கள் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தோம். பாடநூல்கள் கட்டுக்கட்டாக வந்தன. அத்தனையும் ஆங்கிலம். எழுத்தறியாதவருக்கு எழுத்தை எப்படி அவருடைய மொழியில் அவருடைய வாழ்விலிருந்து எடுத்துக் கொடுப்பது என்பதை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு மொழியில் நாங்கள் எழுத்துக் கூட்டிப் படித்தோம். அந்த வகையில் முதலாண்டு முழுவதும் எங்களுக்கே ஒரு முதியோர் கல்வி வகுப்பாகத்தான் இருந்தது.

பாடத்தின் முதற்பகுதி வரையறைகள். 1958-இல் யுனெஸ்கோ ஒரு வரையறை தந்தது: தன் அன்றாட வாழ்வைப் பற்றிய எளிய சிறு கூற்று ஒன்றைப் பொருள் விளங்கப் படிக்கவும் எழுதவும் கூடியவர் எழுத்தறிவு பெற்றவர். 1978-இல் அதே அமைப்பு, ஒருவர் தம் குழுவிலும் ஊரிலும் திறம்படச் செயல்படுவதற்குத் தேவையான அளவு எழுத்தும் எண்ணும் கைவரப்பெறுவது என்று அதை விரித்தது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையோ சுருக்கமானது. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர், ஏதேனும் ஒரு மொழியில் பொருள் விளங்க எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தின் எழுத்தறிவு 86 சதவீதத்தைத் தாண்டியிருந்தது; தமிழ்நாட்டின் சராசரி 80 சதவீதம். பெருமைப்படத்தக்க எண்கள். வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர், "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று குறித்துக்கொள்கிறார். அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் எவ்வளவு பெரிய நிலப்பரப்பு கிடக்கிறது என்பதை எங்கள் ஊரின் வெற்றிலைக் கொட்டகையில்தான் நாங்கள் பார்த்தோம்.

* * *

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், பழையகாயலும் முக்காணியும் கடந்து, தாமிரபரணியின் பாலத்தைத் தாண்டினால் ஆத்தூர். ஆறு கடலைச் சேர்வதற்கு முன் வயல்களையும் வாழைகளையும் நனைத்துவிட்டுப் போகும் கடைசி ஊர்களுள் ஒன்று. ஒரு பக்கம் முத்துக்கும் உப்புக்கும் பேர்போன கடற்கரை, மறுபக்கம் ஆற்று நீர்ப் பாசனம். இரண்டுக்கும் நடுவே கொடிக்கால்கள். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தி வளர்த்து, அதன்மேல் கொடியேற்றி, வாய்க்கால் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டு, கிள்ளிய இலையை அன்றே அடுக்கிக் கட்டி வண்டியேற்றுவது வரை கைவேலைதான். கிள்ளுவதும் கட்டுவதும் பெரும்பாலும் ஆண்கள் கையில். தரம் பிரித்து அடுக்குவதில் பெண்கள் அதிகம்.

எங்கள் பட்டத்தின் இரண்டாமாண்டில் கள ஆய்வு ஒன்று செய்து அறிக்கை எழுதித்தர வேண்டும். வெற்றிலை அடுக்கும் பெண்களின் எழுத்தறிவு என்பதையே எங்கள் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டோம். கொட்டகையில் முதலில் நாங்கள் கண்டது அவர்களுடைய கணக்கு. நூறு இலை ஒரு கவுளி. ஒருத்தி அடுக்கி வைத்த கவுளியை நாங்கள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம், சரியாக நூறு. இன்னொன்று, மறுபடியும் நூறு. வாய் பக்கத்தில் இருப்பவளோடு மகள் சடங்குச் செலவைப் பேசிக்கொண்டிருக்கிறது. கை எண்ணிக்கொண்டிருக்கிறது. கூலி, முன்பணம், கழிவு, பண்டிகைக்கு வாங்கியது, மீதி என்று மூன்று மாதத்துக் கணக்கை ஒரு காகிதமும் இல்லாமல் சொன்னார் எழுபது வயது ஆச்சி ஒருவர். எழுத்தரின் குறிப்பேட்டில் கூட்டிப் பார்த்ததில் ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. கணக்கெடுப்பில் அந்த ஆச்சிக்கு நேரே இருப்பது 'இல்லை'.

இந்த இடத்தில் பாடநூலில் படித்த ஓர் ஆய்வு எங்களுக்குப் புது வெளிச்சமாயிற்று. பிரையன் ஸ்ட்ரீட் என்ற மானுடவியலாளர் 1970-களில் ஈரான் நாட்டுக் கிராமங்களில் தங்கியிருந்தவர். 1984-இல் வந்த அவருடைய நூல் எழுத்தறிவு ஆய்வின் போக்கையே திருப்பிவிட்டது என்பார்கள். பள்ளிவாசலை ஒட்டிய மக்தபில் வேதம் ஓதக் கற்ற மனிதர்கள், அங்கே பழகிய எழுத்துத் திறனையே பழ வியாபாரத்துக்கு வளைத்துக்கொண்டு, பட்டியலும் ரசீதும் கணக்கும் எழுதிச் செழித்ததை அவர் பார்த்தார். நவீனப் பள்ளியின் கண்ணில் இவர்கள் பிற்பட்டவர்கள். சந்தையின் கண்ணில் கைதேர்ந்தவர்கள். எழுத்தறிவு என்பது யார் கையில் கொடுத்தாலும் ஒரே வேலையைச் செய்யும் கருவி அன்று; எந்த ஊரில், எந்த உறவில், எந்த அதிகாரத்துக்குக் கீழே அது புழங்குகிறது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது என்பது அவருடைய வாதம். சில்வியா ஸ்கிரிப்னர், மைக்கேல் கோல் இருவரும் லைபீரியாவின் வை மக்களிடையே செய்து 1981-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அணுக்கமானது. அங்கே பள்ளியில் ஆங்கிலம், ஓதும் இடத்தில் அரபு, வீட்டிலும் கடிதத்திலும் வை என்று மூன்று எழுத்துகள் அருகருகே வாழ்ந்தன. எழுத்தறிவு வந்தாலே அறிவின் அமைப்பு மாறிவிடும் என்ற பொதுவான நம்பிக்கைக்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தும் அதற்கான பழக்கத்தை மட்டுமே கூர்மையாக்கியிருந்தது.

இதைப் படித்தபோது லைபீரியா எங்களுக்குத் தொலைவாகத் தெரியவில்லை. ஆத்தூரிலிருந்து ஆறுமுகநேரியைத் தாண்டினால் காயல்பட்டினம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் மரபு நெடுங்காலம் வேரோடியிருந்த ஊர். அந்த எழுத்தில் பாடலும் மார்க்க நூலும் வாசித்த பெண்களுக்கு, பேருந்துப் பலகையின் தமிழெழுத்து தெரியாமல் இருந்திருக்கலாம். அவர்கள் எழுத்தறிந்தவர்களா, இல்லையா? வரையறைப்படி எழுத்தறிந்தவர்கள். வழக்கத்தில் 'படிக்காதவர்கள்'.

* * *

எழுத்தைப் பொறுத்தவரையில் இந்தக் கடற்கரை வறுமைப்பட்டதன்று. ஆத்தூருக்குப் பக்கத்திலுள்ள கொற்கையில் தமிழ்பிராமி கீறிய பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. பல அகழாய்வுகளில் கிடைக்கும் இத்தகைய ஓடுகளில் பெரும்பாலும் இருப்பவை ஆட்பெயர்கள்தாம். இந்தப் பானை இன்னாருடையது என்று ஒருவர் கீறி வைத்தது. அதாவது, ஏறக்குறைய ஒரு கையெழுத்து.

1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாம் மனப்பாடம் செய்து, பரதவர் ஊர்களில் கூட்டத்தோடு திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். முழுக்க முழுக்க வாய்மொழி வகுப்பு. அவருக்குப் பின் புன்னைக்காயலை இருப்பிடமாக்கிக்கொண்ட அண்டிறிக் அடிகளார் தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார். அவர் பெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் பதினாறு பக்கங்களாக அச்சானது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்ற பெயர் அதற்கு. இந்தக் கரையின் மீனவர்களை நினைத்து அச்சான நூல் அது. ஆனால் அச்சு வந்த இடத்தில் வாசிப்பும் உடனே வந்துவிடவில்லை. ஒருவர் வாசிக்க ஊர் கேட்டது. இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் கடிதம் வந்தால் ஒருவர் வாசிக்க வீடு கேட்டதைப் போலத்தான்.

1990-களின் அறிவொளி இயக்கம்தான் அந்த நெடிய நூற்றாண்டுகளின் தொடர்ச்சியில் முதன்முறையாக, 'ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது' என்ற ஏற்பாட்டையே அசைத்துப் பார்த்தது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-இல் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991-இல் புதுக்கோட்டையில் எழுந்த அலையில் பெண்கள் எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியும் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதியதால் அந்த மிதிவண்டிகள் பள்ளிப் பாடநூல் வரைக்கும் ஓடின. எங்கள் பக்கத்திலும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்களும் எழுத்தாளர்களும் கலைக்குழுக்களும் ஊர் ஊராகப் போனார்கள். நெல்லை மாவட்ட அனுபவங்களை ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' நூலில் எழுதியிருக்கிறார். இந்தத் துறையில் முதுகலை படிக்கும் எவரும் எங்கள் பாடக்கட்டுகளுக்கு முன்னால் அந்த நூலைப் படித்துவிடுவது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

எங்களில் மூன்றாமவரின் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துப் பாடநூல் ஒன்று கிடந்தது. 'பட்டா', 'படி' என்ற சொற்களில் தொடங்குகிற புத்தகம். அ அம்மா, ஆ ஆடு என்று அது தொடங்கவில்லை. நிலத்தின் உரிமையும் அளக்கும் படியும் படிக்கும் படியும் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டன. பாவ்லோ பிரேயர் என்ற பிரேசில் நாட்டுக் கல்வியாளரின் பெயரைப் பாடக்கட்டில் பார்த்தபோது, ஏற்கனவே பரணில் பார்த்த முகம்போல இருந்தது எங்களுக்கு.

* * *

அறிவொளியின் மிகப் பெரிய அடையாளம் கையெழுத்து. கைநாட்டு என்பது தமிழில் ஒரு வசைச்சொல். அந்த வசையைத் துடைத்தெறிந்ததுதான் அந்த இயக்கம் பெண்களுக்குத் தந்த முதல் மரியாதை. கொட்டகையில் நாங்கள் சந்தித்தவர்களில் ஏழெட்டுப் பேர் அன்று கையெழுத்துக் கற்றவர்கள். முப்பது ஆண்டுகளில் மற்ற எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. பெயர் மட்டும் நின்றுவிட்டது. கற்ற எழுத்து பயன்படாமல் மறந்துபோவதை 1929-இலேயே ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை பேசியிருக்கிறது. எழுத்துகள் அல்ல அவை, ஒரு படம். கோலம் போடுவதுபோல ஓர் இழுப்பில் வரைகிறார்கள். நடுவிலுள்ள எழுத்து எது என்று கேட்டால் தெரியாது.

அவர்களில் ஒருவரை நாங்கள் மதினி என்று அழைப்போம். குழுக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் தாள்களில் மதினி கையெழுத்திட்டிருந்தார். தன் கடனுக்கு மட்டுமல்ல, குழுவில் மற்ற நால்வரின் கடனுக்கும் தான் பொறுப்பு என்று அந்தத் தாளில் இருந்தது. கடன் தொகையிலிருந்து காப்பீட்டுக்கென ஒரு தொகை கழிக்கப்படும் என்றும் இருந்தது. நால்வரில் ஒருத்தி குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனபோது, அவளுடைய வாரத் தவணையும் மற்றவர்கள் தலையில் விழுந்தது. மதினியின் தோடு போயிற்று. தாளைப் படித்துக் காட்டச் சொல்லவில்லையா என்று கேட்டோம். மதினி சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "கையெழுத்துப் போடத் தெரியுமான்னு கேட்டாவ. தெரியும்னேன். அதோட சரி."

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பல நாட்கள் பேசினோம். பத்திரத்தில் கைநாட்டு வைப்பவருக்கு ஒரு சிறு பாதுகாப்பு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர், அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டார் என்று இன்னொருவர் எழுதிச் சாட்சியிடும் வழக்கம் இருக்கிறது. ஒப்புக்காகவேனும் ஒருவர் வாசித்தாக வேண்டும். கையெழுத்திட்டவருக்கு அந்த ஒப்புக்கூட இல்லை. அவர் படித்துவிட்டுத்தான் போட்டார் என்று சட்டமும் நிறுவனமும் எடுத்துக்கொள்கின்றன. கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்தவர், முழு வாசிப்புக்கு வந்து சேராத வரையில், தாம் விட்டுவந்த இடத்தைக் காட்டிலும் பாதுகாப்பில்லாத இடத்தில் நிற்கிறார். அரைகுறை எழுத்தறிவு என்று பாடநூல்கள் ஒரு படிக்கட்டின் நடுப்படியைப்போல அதைக் குறிக்கின்றன. மதினிக்கு அது நடுப்படியாக இருக்கவில்லை.

இதனால் அறிவொளி தந்த கையெழுத்து வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. "ரேகை வைக்கச் சொல்லி வெரல மைப்பெட்டில அமுக்குவான் பாருங்க, அது இல்ல இப்பம்" என்று சொன்னவரும் மதினிதான். தோட்டை இழந்த பிறகும் அவர் அந்தக் கையெழுத்தை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். இன்று நியாயவிலைக் கடையில் பட்டதாரியும் ஆச்சியும் ஒரே கருவியில் விரல் வைக்கிறார்கள். நாம் அனைவரும் மறுபடியும் கைநாட்டுகள். வேலை செய்து ரேகை தேய்ந்த விரல்களைத்தான் அந்தக் கருவி பலமுறை துடைத்து வைக்கச் சொல்கிறது.

* * *

பிரேயர் 1963-இல் பிரேசிலின் வடகிழக்கில் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில், சுமார் முந்நூறு உழைப்பாளிகளுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பித்ததாக வரலாறு. மறு ஆண்டு இராணுவ ஆட்சி வந்தது. அவர் சிறைக்கும் பின்னர் நாட்டுக்கு வெளியேயும் போனார். அவருடைய முறையின் சாரம் எளிது. மக்கள் பேச்சில் கனமாகப் புழங்கும் சில சொற்களை முதலில் தேடிக் கண்டெடுக்க வேண்டும். அந்தச் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு அதை அசைகளாக உடைத்து, அசைகளின் குடும்பத்தை விரித்து, கற்பவர்களே புதுச்சொற்களைக் கட்டவேண்டும். செங்கல் என்று பொருள்படும் 'திஜோலோ' என்ற சொல்லை அவர் இப்படி உடைத்தது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆசிரியர் இட்டுவைப்பதும் மாணவர் வாங்கி வைப்பதுமான கல்வியை அவர் வங்கிமுறைக் கல்வி என்றார். எங்கள் கொட்டகையில் அந்த உவமைக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

எந்தச் சொல்லில் தொடங்குவது என்பதை நாங்கள் அவர்களிடமே விட்டோம். கொடி, இலை, கவுளி என்று அவர்கள் சொல்லக்கூடும் என்று யாரும் நினைப்பார்கள். "கொடியப் பத்தி எங்களுக்கு எழுதிக் காட்டி என்ன ஆவப்போவுது? அசலு, வட்டின்னு தாளுல எங்க இருக்குன்னு காட்டுங்க டீச்சர்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையசைத்தார்கள். அசல், வட்டி. எங்கள் வகுப்பின் முதல் பாடம் அதுதான். வாரம் நான்கு நாள், இலை ஏறிப் போன பிறகு, இரவு ஏழரை மணிக்கு.

பிரேயரின் முறை தமிழுக்குத் தைத்த சட்டைபோலப் பொருந்துகிறது என்பதை அன்றுதான் கண்டோம். போர்த்துகீசிய மொழியில் அசைக் குடும்பத்தை ஆசிரியர் எழுதிக் காட்டவேண்டும். தமிழில் உயிர்மெய் வரிசை ஏற்கனவே குடும்பமாகத்தான் இருக்கிறது. 247 என்ற எண்தான் அச்சுறுத்துகிறது. உண்மையில் கற்கவேண்டியவை முப்பது அடிப்படை வடிவங்களும், கொம்பு கால் கொக்கி போன்ற சில குறிகளும். அவற்றிலும் ங, ஞ வரிசைகளில் பெரும்பகுதியை ஆயுளில் ஒருமுறைகூட எழுதவேண்டியிருக்காது. உகர, ஊகார வரிசைகள் மட்டும் வடிவம் மாறி மாறி வந்து மல்லுக்கு நிற்கும். அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

அ, ச, ல், வ, ட், டி. பலகையில் இந்த ஆறு எழுத்துகள். இவற்றை வைத்து என்ன எழுதலாம் என்று கேட்டோம். சிறிது நேரம் அமைதி. ஒருத்தி "சட்டி" என்றாள். இன்னொருத்தி "அவல்". அப்புறம் "அடி", "வடி". புள்ளியை எடுத்தாலும் வைத்தாலும் எழுத்து மாறும் என்று சொன்னோம். "புள்ளி வச்சா எழுத்து வாயப் பொத்திக்கிடுது" என்றார் ஆச்சி. மெய்யெழுத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாங்கள் எந்த இலக்கண வகுப்பிலும் கேட்டதில்லை. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, மதினி எழுந்து போய்ப் பலகையில் தானே எழுதினார்: வடச்சட்டி. அந்த ஆறில் நான்கு எழுத்துகளும் இரண்டு இடத்தில் புள்ளி மாற்றமும்தான். அசலிலும் வட்டியிலுமிருந்து ஒரு வடச்சட்டியை இறக்கி வைத்துவிட்டார். கொட்டகை சிரித்தது.

வகுப்பில் எல்லாம் இப்படி இனிமையாகவே போயிற்று என்று எண்ணிவிடக்கூடாது. இருபத்தி மூன்று பேரில் தொடங்கிப் பதினொரு பேரில் நின்றது. கண்ணாடி இல்லாததால் விட்டவர்கள் சிலர். கண் மங்கியதை எழுத்து வராததாக எண்ணிக்கொண்டு வெட்கப்பட்டு நின்றுவிட்டவர்கள் சிலர். அவர்களைக் கண் சிகிச்சை முகாமுக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கித் தந்தபின் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். கொட்டகையின் ஒற்றை விளக்கை மாற்றி இரண்டு விளக்குகள் போட்டதும் கற்பித்தலில் ஒரு முன்னேற்றம்தான். இவையெல்லாம் எந்தக் கோட்பாட்டு அத்தியாயத்திலும் இல்லை.

* * *

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைகளைத் தாண்டி ஏரல், ஆத்தூர், முக்காணி என்று வாழையையும் நெல்லையும் கொடிக்கால்களையும் மூழ்கடித்தது. வெற்றிலைக் கொடி தேங்கிய நீரைப் பொறுக்காது, வேர் அழுகிவிடும். வகுப்புக் குறிப்பேடுகளும், எங்கள் ஆய்வுக்கென எடுத்து வைத்திருந்த பதிவுகளில் பாதியும் நீரில் போயின.

அதன்பின் வந்தது தாள்களின் வெள்ளம். நிவாரணத் தொகை, பயிர்ச்சேதக் கணக்கு, போன குடும்ப அட்டைக்கும் பட்டாவுக்கும் மறுபிரதி கேட்கும் விண்ணப்பங்கள். வகுப்பு ஒரு மாதம் நடக்கவில்லை என்று எங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறோம். உண்மையில் அந்த ஒரு மாதமும் வகுப்புதான் நடந்தது. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வார்டு எண், அட்டை எண் என்று ஒவ்வொரு கட்டத்தையும் அவர்கள் விரல் வைத்துப் படித்தார்கள். எழுதித்தர நாங்கள் மூவரும் தயாராக இருந்தோம். "நீங்க சொல்லுங்க, நாங்க எழுதுதோம்" என்றார்கள் இருவர். ஒரு விண்ணப்பத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. அவர்கள் எழுதி முடித்தார்கள்.

2024-இன் நடுவில், அதே குழுக்கடன் நிறுவனத்திலிருந்து புதிய தாள்களோடு ஓர் இளைஞர் வந்தார். கொடிக்கால்களை மறுபடி போடுவதற்குப் பணம் வேண்டியிருந்த காலம். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மதினி கையெழுத்திடவில்லை. "தாள வச்சிட்டுப் போங்க. வாசிச்சுப் பாத்துட்டு நாளைக்குப் போடுதேன்" என்றார். இளைஞருக்குக் கோபம் வரவில்லை, திகைப்புத்தான் வந்தது. அப்படி ஒருவர் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. அன்றிரவு மதினி எங்கள் உதவியோடு, இரண்டரை மணி நேரத்தில், நான்கு பக்கங்களில் பாதியை வாசித்தார். சட்டத்தமிழ் எங்களுக்கே இடறியது; அதை எழுதியவர்களுக்கும் இடறியிருக்கும். மதினி கடனை வாங்கினார். ஆனால் மற்றவர்களுக்குப் பொறுப்பேற்கும் பகுதியைப் பற்றி மறுநாள் காலையில் குழுவிலுள்ள நால்வரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு, யார் யாருக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாங்கினார்.

* * *

இப்போது நடைமுறையிலிருக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-இல் தொடங்கியது. அதன் தேர்வில் வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண். எங்கள் வகுப்பிலிருந்து ஒன்பது பேர் அந்தத் தேர்வை எழுதினார்கள். மதினி எழுதவில்லை. மகளுக்குப் பேறுகாலம், அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மருத்துவமனையில் இருந்தார். ஆகவே எழுத்தறிவு பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எண்ணறிவுத் தாளில் கூட்டல் கணக்கின் கட்டத்துக்குள் விடையை எழுதத் தடுமாறிய ஆச்சி, தேறினாலும் குறைந்த மதிப்பெண்ணே பெற்றார்.

எங்கள் ஆய்வறிக்கையில் இவற்றையெல்லாம் எழுதினோம். தேர்வில் தேறினாரா என்று கேட்பதோடு, தாளை வைத்துவிட்டுப் போகச் சொல்லக்கூடியவரா என்றும் கேட்கவேண்டும் என்று முடிவுரையில் ஒரு பத்தி இருந்தது. மதிப்பீட்டாளர் அந்தப் பத்தியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். இதை அளப்பது எப்படி என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்களிடம் அளவுகோல் இல்லை. பட்டம் கிடைத்துவிட்டது. அந்தக் கேள்விக்குறி எங்களிடமே இருக்கிறது.

இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் எழுதுகிறவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். எங்கள் வகுப்பில் இப்போது பதினைந்து பேர் இருக்கிறார்கள். வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்பதில்தான் திணறுகிறோம். அறிவொளிக் காலத்தில் புதிதாகக் கற்றவர்களுக்கென்றே பெரிய எழுத்தில் சிறுசிறு கதைப் புத்தகங்கள் வந்தன. இப்போது நூலகத்தில் குழந்தைகளுக்கான புத்தகங்கள் கிடைக்கின்றன. அவற்றில் முயலும் ஆமையும் பேசுகின்றன. ஐம்பது வயதில் எழுத்துக் கூட்டுகிறவருக்கு எழுத்துத்தான் புதிது, வாழ்க்கை புதிதல்ல. துரோகம், கடன், மரணம், ஆசை எல்லாம் தெரிந்த ஒருவருக்கு, எளிய சொற்களில், ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரிகளில், முழு வளர்ச்சியடைந்த மனிதருக்கான கதை வேண்டும். அது எழுதக் கடினமானது என்பதை நாங்களே முயன்று பார்த்து அறிந்தோம். மதினி எங்கள் கதை ஒன்றை வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ ஏன் கடைசில ஒண்ணும் சொல்லாம போறா?" என்று கேட்டார். இரண்டு வாரமாக அந்த முடிவைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.